ஒருவழி உருளைத் தாங்கிகள்: பழுதறிதலும் பராமரிப்பும்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயற்குழு நண்பர்கள் கேட்டபோது, "எனக்கு இலக்கியம் தெரியாதே, கிரீஸ்தானே தெரியும்" என்றேன். "அப்ப கிரீஸைப் பத்தியே எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டார்கள். வட மாநிலங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன உறுப்பைப் பற்றி எழுதுகிறேன். அதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு தவறு செய்து, அதன் விலையை இன்னொருவர் கொடுத்த பிறகு கற்றுக்கொண்டேன்.

ஒரு திசையில் ஓட்டம், மறு திசையில் பூட்டு

வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிளைப் பாருங்கள். பெடலை முன்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் 'டிக் டிக்' என்று தன்பாட்டில் ஓடும். ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்ன நாக்குகள் ஒரு திசையில் பற்களின் மேல் வழுக்கிப் போகின்றன, மறு திசையில் பற்களில் மாட்டிக்கொள்கின்றன. அந்த 'டிக் டிக்' நாக்குகள் பல் தாண்டும் சத்தம்.

தொழிற்சாலையில் இதே வேலையைச் சத்தமில்லாமலும், அடுத்த பல் வரும்வரை காத்திராமலும் செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே பற்களுக்குப் பதில் உருளைகள். வெளிவளையத்தின் உட்புறம் வழவழப்பான வட்டமாக இராமல், சின்னச் சின்னச் சரிவுகளாகக் கடையப்பட்டிருக்கும். ஒவ்வொரு சரிவிலும் ஒரு உருளை, அதைத் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஷாஃப்ட் ஒரு பக்கம் சுற்றினால் உருளை அகலமான இடத்துக்கு ஒதுங்கும். ஷாஃப்ட் தடையில்லாமல் ஓடும். மறு பக்கம் சுற்ற முயன்றால் உருளை குறுகலான இடத்துக்கு இழுபட்டு, கதவுக்கு அடியில் வைத்த ஆப்புபோல இறுகிக்கொள்ளும். ஷாஃப்ட்டும் வெளிவளையமும் ஒன்றாகிவிடும்.

இதற்கு மூன்று முக்கிய வேலைகள் உண்டு. முதலாவது, ஒன்றை ஒன்று முந்தி ஓட விடுவது. மோட்டார் சைக்கிளின் செல்ஃப் ஸ்டார்ட்டரில் என்ஜின் கிளம்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டாரை விடுவிப்பது இப்படிப்பட்ட ஒருவழி கிளட்ச்தான். இரண்டாவது, முன்னும் பின்னும் ஆடும் அசைவைப் படிப்படியான ஒருதிசை நகர்வாக மாற்றுவது. தகடு, காகிதம், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை அளவு பார்த்து ஊட்டும் இயந்திரங்களில் இதைக் காணலாம். மூன்றாவது, பாரம் பின்வாங்காமல் தடுப்பது. சரிவில் ஏறும் கன்வேயர் பெல்ட்டில் இதற்கு ஹோல்ட்பேக் அல்லது பேக்ஸ்டாப் என்று பெயர். என் கதை இந்த மூன்றாவதைப் பற்றியது.

1994 ஜனவரியில் ஒரு காலை

அப்போது நான் ஒரு நிலக்கரி கையாளும் பிரிவில் பொறுப்பில் இருந்தேன். அங்கே 140 மீட்டர் நீளமுள்ள ஒரு பெல்ட் ஏறத்தாழ 15 டிகிரிச் சரிவில் ஏறும். மணிக்கு 500 டன் கரி, வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 55 கிலோ, முழு பெல்ட்டிலும் ஏழரை டன்னுக்கு மேல் கரி. சரிவில் அது கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 2 டன் எடைக்குச் சமம். அந்த கன்வேயருக்குத் தனியாக பிரேக் கிடையாது. மின்சாரம் போனால் அந்த 2 டன்னைப் பிடித்து நிறுத்துவது ஹெட் புல்லியின் அச்சில் இருந்த ஹோல்ட்பேக் ஒன்றுதான்.

அன்று காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் மின்சாரம் ட்ரிப் ஆயிற்று. நிற்க வேண்டிய பெல்ட் நின்றது, ஒரு கணம் தயங்கியது, பிறகு பின்னால் ஓட ஆரம்பித்தது. ஏறிக்கொண்டிருந்த கரி முழுவதும் கீழ்முனைக்குத் திரும்பிக் கொட்டியது. அங்கே சிந்திய கரியை அள்ளிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இடுப்புவரை கரியில் புதைந்துவிட்டார். வெளியே எடுத்தபோது வலது கால் எலும்பு முறிந்திருந்தது. நான்கு மாதம் வேலைக்கு வர முடியவில்லை.

அறிக்கையில் 'பேரிங் பழுது' என்று எழுதினோம். எல்லோருக்கும் வசதியான சொல். ஆனால் ஹோல்ட்பேக்கைப் பிரித்தபோது பழுது எதுவுமே கண்ணில் படவில்லை. உருளைகள் புதிதுபோல் பளபளத்தன. ஸ்பிரிங்குகள் அத்தனையும் சரியாக இருந்தன. சரிவுகளில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாவற்றின் மேலும் மெல்லிய கறுப்புப் படலம் மட்டும் இருந்தது.

எங்கள் மூத்த மிஸ்திரி அதை விரலால் தொட்டு, இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "ஸாப், இஸ்கா காம் கூம்னா நஹீ, பகட்னா ஹை" என்றார். 'இதன் வேலை சுற்றுவது இல்லை, பிடிப்பது' என்று அர்த்தம். எனக்கு முகம் வெளிறிவிட்டது. ஒரு மாதம் முன்பு, "நல்ல விலையுயர்ந்த கிரீஸாகப் போடுங்கள்" என்று சொல்லி, மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கறுப்பு கிரீஸைக் கொடுத்தனுப்பியவன் நான்தான்.

ஹோல்ட்பேக்கை மேசையில் பொருத்தி, ஒரு நீண்ட நெம்புகோல் மாட்டி, பூட்ட வேண்டிய திசையில் இருவர் தள்ளினோம். வழுக்கிக்கொண்டே போயிற்று. மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, சாதாரண மெல்லிய மினரல் ஆயில் விட்டு அதே நெம்புகோலால் மறுபடியும் தள்ளினோம். மயிரிழைகூட நகரவில்லை.

ஆப்பின் கணக்கு

ஏன் இப்படி? இறுகிய உருளை இரண்டு எஃகுப் பரப்புகளுக்கு இடையே ஆப்பாக நிற்கிறது. அந்த ஆப்பின் கோணத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டேன்ஜென்ட் மதிப்பு உராய்வு எண்ணைவிடக் குறைவாக இருந்தால் உருளை பிடிக்கும், அதிகமானால் வழுக்கிவிடும். பூட்டுவதற்கான விதி அவ்வளவுதான்.

எண்ணெய் பூசிய எஃகுக்கு உராய்வு எண் சுமார் 0.1. பாதிக் கோணம் மூன்றரை டிகிரி என்று வைத்துக்கொண்டால் டேன்ஜென்ட் 0.061. எனவே பூட்டு தாராளமாகப் பிடிக்கும். மாலிப்டினமோ கிராஃபைட்டோ கலந்த மசகில் உராய்வு எண் 0.05-க்குக்கூட இறங்கலாம். அப்போது அதே உருளையும் அதே சரிவும் பிடிக்காது. உறுப்பு கெட்டதால் பெல்ட் பின்னோடவில்லை. அந்த உறுப்பு நம்பியிருந்த உராய்வை நான் எடுத்துவிட்டேன், அதனால் ஓடியது.

சாதாரண பேரிங்குக்கு உராய்வு எதிரி, ஒருவழி பேரிங்குக்கு உராய்வுதான் உயிர். சாதாரண பேரிங்கில் நல்ல பழக்கம் என்று பெயர் வாங்கியவை இங்கே ஆபத்தாகிவிடுகின்றன.

இந்த விஷயம் வீட்டு வாசல்வரை வரும். பல மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் என்ஜின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. காருக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். பைக் எண்ணெய் டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' என்ற குறியைத் தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பழுதறியும் குறிப்புகள்

வழுக்கல். நிறுத்தியதும் பெல்ட் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் பின்வாங்கினால் அது முதல் எச்சரிக்கை. ஊட்டும் இயந்திரங்களில் துண்டுகளின் நீளம் குறைந்தும் கூடியும் வரும். ஷாஃப்ட்டிலும் வெளிவளையத்திலும் நேருக்கு நேர் சுண்ணாம்புக் கோடு போட்டு, பூட்டும் திசையில் பாரம் கொடுத்துப் பாருங்கள். கோடுகள் விலகினால் வழுக்கல் உறுதி. தவறான மசகு, தளர்ந்த அல்லது ஒடிந்த ஸ்பிரிங், தட்டையாகத் தேய்ந்த உருளை, பள்ளம் விழுந்த ஷாஃப்ட் ஆகியவை காரணமாகலாம். இதே வரிசையில் சோதியுங்கள், மலிவான காரணம் முதலில் வரும்.

குளிர்கால வழுக்கல். வடக்கே குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். கெட்டியான கிரீஸும் அப்படித்தான். குளிரில் அது இறுகி உருளைகளைப் பிடித்துக்கொள்ளும். அந்த மெல்லிய ஸ்பிரிங்கால் உருளையைக் குறுகலான இடத்துக்குத் தள்ள முடியாது. காலையில் வழுக்கி, மதியம் சரியாக வேலை செய்தால் முதலில் கிரீஸைச் சந்தேகியுங்கள். எங்கள் விபத்திலும் அன்றைய குளிர் துணைபோயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சூடு. தடையின்றி ஓடும் திசையிலேயே கை வைக்க முடியாத சூடு ஏறினால் கிரீஸ் அதிகமாகியிருக்கலாம், வேகம் வரம்பைத் தாண்டியிருக்கலாம், அல்லது அச்சு கோணியிருக்கலாம். எஃகு நீலம் பாய்ந்திருந்தால் அந்த உறுப்பை மறுபடியும் பயன்படுத்த வேண்டாம்.

செந்தூள். துருநிறத்தில் மெல்லிய பொடி தெரிந்தால், இறுக்கமாக இருக்க வேண்டிய பொருத்து தளர்ந்து நுண்ணளவில் ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விடாப்பிடி. பூட்டியது திரும்ப விடுபடவில்லை என்றால், அளவுக்கு மீறிய அதிர்ச்சிப் பாரத்தில் உருளைகள் எஃகில் பதிந்துவிட்டிருக்கலாம். அதைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பராமரிப்பில் மறக்கக் கூடாதவை

தயாரிப்பாளர் சொன்ன மசகைத் தவிர வேறு வேண்டாம். "இதைவிட ஒசத்தி" என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். கிரீஸ் கன்னில் என்ன இருக்கிறது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

சிறிய இயந்திரங்களில் மெல்லிய தகட்டு உறைகொண்ட ஒருவழி உருளை கிளட்ச்கள் உண்டு. அவற்றில் உருளைகள் நேராக ஷாஃப்ட்டின் மேலேயே ஓடுகின்றன. ஆகவே ஷாஃப்ட் கடினப்படுத்தி, வழவழப்பாக அரைக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டறையில் கிடைத்த சாதாரணக் கம்பியைக் கடைந்து போட்டால் சீக்கிரமே பள்ளம் விழும். அந்த உறையைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். பிரஸ்ஸில், நேராக, எழுத்து பொறித்த முகத்தில் அழுத்துங்கள். கிளட்ச் மட்டும் உள்ள வகையானால் பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்கத் தனி பேரிங் தேவை. அம்புக்குறியைப் பார்க்காமல் திருப்பிப் பொருத்திய கதைகள் ஒவ்வொரு பட்டறையிலும் உண்டு.

ஹோல்ட்பேக்கின் கையை அதன் தாங்குசட்டத்தோடு வெல்டு வைத்து இறுக்கக் கூடாது. சின்ன இடைவெளியோடு ஆட விட வேண்டும். இல்லாவிட்டால் அச்சின் சிறு கோணலெல்லாம் உருளைகளின் தலையில் விழும்.

மோட்டார் மாற்றினாலோ கேபிள் கழற்றினாலோ, கப்ளிங்கைப் பிரித்து வைத்து மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால், மோட்டார் தன் முழு பலத்தோடு ஹோல்ட்பேக்கின் மேல் மோதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெல்ட்டில் கரி இருக்கும்போது ஹோல்ட்பேக்கைத் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்துப் பூட்டினால் போதாது. பாரத்தை இறக்கி, பெல்ட்டை இறுக்கும் எதிர்எடையைத் தாங்கல் கொடுத்து நிறுத்தி, பெல்ட்டைக் கட்டிய பிறகே போல்ட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

கடைசியாக

சாதாரண பேரிங் கெட்டால் கத்தும், அதிரும், சுடும். ஹோல்ட்பேக்கின் உண்மையான வேலை ஆண்டுக்குச் சில முறை, சில கணங்கள்தான். மற்ற நாளெல்லாம் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கெட்டுப்போனதும் அப்படியேதான் சுற்றும். அதனால் அது அமைதியாக இருப்பதை நம்பக் கூடாது. காலி பெல்ட்டில் தொடங்கி, பிறகு அளவான பாரத்தோடு, கீழ்முனையில் ஆள் இல்லாதபோது நிறுத்திப் பார்த்து, பிடிக்கிறதா என்று முறைப்படி சோதிக்க வேண்டும்.

கால் குணமாகி வேலைக்குத் திரும்பிய அந்தத் தொழிலாளியிடம் நான் போய் நடந்ததைச் சொன்னேன், கிரீஸ் என் முடிவு என்பதையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப் கௌன்ஸா டால்தே ஹோ ஸாப்?" என்று கேட்டார். 'இப்போது எதைப் போடுகிறீர்கள்?' என்று. டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் அதைத் திறந்து, விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கீழ்முனைக்குப் போனார்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று பொறியியல் படிக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அறிக்கையில் 'பேரிங் பழுது' என்று எழுதும் முன், பழுதானது பேரிங்தானா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.