இறால் குளத்துக் கரிப்புகை

விசாகப்பட்டினத்துக்குப் பிழைக்க வந்த நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் இறால் தொக்கு மணக்காமல் இருக்காது. (சைவ அன்பர்கள் பொறுத்தருள்க!) இந்தியாவில் இறால் வளர்ப்பில் முதலிடம் நாம் வாழும் ஆந்திரத்துக்குத்தான். 2009-இல் வெனாமி இறாலுக்கு மத்திய அரசு அனுமதி தந்தபின் இத்தொழில் அசுர வளர்ச்சி கண்டது. அதன் கரிப்புகைக் கணக்கைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

சென்ற ஆண்டு அலுவலக நண்பர் ஒருவருடன் பீமவரம் போயிருந்தேன். முன்பு நெல் விளைந்த நிலம். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் குளங்கள். இரவெல்லாம் ஏரேட்டர் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கின்றன. பகலில் நீர்ப்பாசி பிராணவாயு தரும். இரவில் அதுவும் இறாலோடு சேர்ந்து மூச்சு வாங்கும். விடியற்காலையில் பிராணவாயு மிகக் குறைந்துவிடும். அப்போது சக்கரம் நின்றால் மொத்த மகசூலும் போயிற்று.

"கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் ஓட வேண்டும். இல்லையென்றால் நான் ஊரைவிட்டு ஓட வேண்டும்" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார் அந்தக் குளத்துக்காரர்.

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் கிடைக்கிறது. ஜெனரேட்டருக்கோ டீசல். பிராணவாயுவை அளக்கும் கருவியை வைத்து, தேவையான நேரத்தில் தேவையான சக்கரங்களை மட்டும் ஓட்டினால் புகையும் குறையும், செலவும் குறையும்.

அடுத்தது தீவனம். ஒரு கிலோ இறாலுக்குச் சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ தீவனம் வேண்டும். அதில் சேரும் மீன்தூளுக்காக டீசல் படகுகள் கடலுக்குப் போகின்றன. தின்னாமல் மிஞ்சியது அடியில் அழுகி மீத்தேன் போன்ற வாயுக்களைக் கிளப்பும். தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்து அளவோடு போடுகிற விவசாயி, தன் பணத்தோடு காற்றையும் காப்பாற்றுகிறார்.

இவ்விரண்டும் சிக்கனத்தால் சரியாகும். மூன்றாவது அப்படியல்ல. அலையாத்திக் காட்டை வெட்டிக் குளம் தோண்டினால், சேற்றில் நூற்றாண்டுகளாகப் புதைந்திருந்த கரி காற்றில் கலந்துவிடும். மற்றக் காடுகளைவிட ஹெக்டேருக்குப் பல மடங்கு கரியைத் தேக்கிவைப்பது அந்தச் சேறு. காக்கிநாடா அருகே கோரிங்கா காட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எத்தனை சிக்கன மோட்டார் வைத்தாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

இதில் நம்மவர் பங்கும் உண்டு. தமிழகக் கரையில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடிய சர்வோதயத் தலைவர் எஸ்.ஜகந்நாதன் தொடுத்த வழக்கில்தான், 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த ஆணையத்தின் நெறிமுறைகள் அலையாத்திக் காடுகளைக் குளமாக்கக் கூடாது என்கின்றன. விளைநிலத்தையும் தொடக்கூடாது என்றே அவை சொல்கின்றன.

வழி தெரிந்தும் தயக்கம் ஏன்? நான் சந்தித்தவர் குத்தகைக்காரர். "அடுத்த வருஷம் இந்தக் குளம் என் கையில் இருக்குமோ இருக்காதோ, நான் எதை நம்பிப் புது மோட்டார் வாங்குவது?" என்று கேட்டார். நோய் வந்தாலும் விலை சரிந்தாலும் அடி அவருக்குத்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி விதித்தபோதும் குளத்துக்காரர்கள்தான் கலங்கினார்கள். புகையைக் குறைக்கும் செலவையும் அவர் தலையிலேயே கட்டினால் காரியம் நடக்காது.

நம் சங்க அன்பர்களில் வங்கிகளிலும், ஏற்றுமதி நிறுவனங்களிலும், தீவன ஆலைகளிலும் பணிபுரிவோர் பலர். குத்தகைக்காரருக்கும் மோட்டார் கடன் கிடைக்கவும், அளவோடு தீவனமிட்டு வளர்த்த இறாலுக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கவும் அவர்கள் குரல் கொடுக்கலாம். சமையலறையில் இருப்பவர்களும் மீன்காரரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "இது எந்த ஊர்க் குளத்து இறால்?"