மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஒரு சிறு கார்: தொடங்குவது எவ்வாறு?

பொறியியற் கல்லூரியில் பயிலும் பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறான். இரவு உணவு முடிந்ததும் மெல்லப் பேச்செடுக்கிறான்: "அப்பா, ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கொண்டு நானே ஒரு சிறு கார் செய்யலாமென்று நினைக்கிறேன்." தந்தையார் உடனே, "எவ்வளவு செலவாகும்?" என்கிறார். அடுக்களையிலிருந்து தாயாரின் குரல் வருகிறது: "கையைக் காலை முறித்துக்கொள்ளாமல் இருப்பாயா?"

இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவ்விரண்டிற்கும் முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "செய்து முடித்த வண்டியை எங்கே ஓட்டுவாய்?" என்பதே அது. இதற்கு விடை காணாமல் இரும்பு வாங்கப் புறப்படுபவன், மனை இல்லாமல் வீடு கட்டத் தொடங்குபவனை ஒப்பான்.

நம் ஊரில் உருவான கார்

இக்கேள்வியின் கனத்தை உணர நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1966ஆம் ஆண்டில் இதே திருவனந்தபுரத்தில் ஒரு சிறு கார் உருவாயிற்று. கே. ஏ. பி. மேனன் என்பவர் தம் அரவிந்த் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தில் அதனை உருவாக்கினார். குறைந்த விலையில் ஒரு கார் தரவேண்டும் என்பது அவர் கருத்து. வண்டி உருவாயிற்று, பெருமளவில் உற்பத்தி செய்வதற்கான உரிமம் மட்டும் கிடைக்கவில்லை.

அதற்கும் முன்னர், 1952இல், கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் அடக்கத்தில் செய்து காட்டினார். அதுவும் உரிமம் இன்றி நின்றது. கார் உற்பத்திக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடு 1993ஆம் ஆண்டில்தான் நீங்கியது. கைத்திறன் குறைந்தமையால் இவ்விரு முயற்சிகளும் நின்றுவிடவில்லை. வண்டி ஆயத்தமாயிருந்தது, வழி திறக்கவில்லை.

இன்று வீட்டில் ஒரே ஒரு கார் செய்பவனுக்கு உற்பத்தி உரிமத்தைப் பற்றிய கவலை இல்லை. எனினும் சாலையில் ஓட்டுவது வேறு செய்தி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, புதிய வகை வண்டி ஒன்று பதிவு பெறுமுன் அதன் மாதிரி அரசு ஏற்ற சோதனை நிலையத்தில் தேர்வு பெறுதல் வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கே செலவு மிகுந்த வழி அது. பழைய வண்டியின் பதிவெண்ணை வைத்துக்கொண்டு உருவத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று கூறிவிட்டது. உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்பினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே வீட்டில் செய்த காரைப் பொதுச் சாலையில் ஓட்டலாகாது. விடியற்காலையில் யாருமில்லாத வேளையிலும் ஆகாது. பதிவு இல்லாத வண்டிக்குக் காப்பீடு இல்லை. ஒரு விபத்து நேரின் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும்.

ஓட்டுவதற்கு இடம்

அப்படியாயின் முயற்சியையே கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் அடையும் கோயம்புத்தூருக்கு அருகே, செட்டிபாளையத்தில், 2003ஆம் ஆண்டில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடம் இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். பொறியியல் மாணவர்கள் தாமே செய்த சிறு பந்தயக் கார்களைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் என்னும் போட்டி 2017 முதல் அங்கு நடந்து வந்திருக்கிறது. அவ்வகைக் கார்களில் பல மோட்டார் சைக்கிள் எஞ்சினால் ஓடுபவையே.

இத்தகைய மாணவர் போட்டிகளின் விதிகள், போட்டியில் கலந்துகொள்ளாதவனுக்கும் நல்ல வழிகாட்டி. எஞ்சின் 710 சி.சி.க்கு மேற்படலாகாது. எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை வழியாகவே செல்ல வேண்டும். வேகம் எல்லை மீறாதிருக்க இந்த ஏற்பாடு. முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடையே குறைந்தது 1525 மில்லிமீட்டர் தூரம் இருத்தல் வேண்டும். ஓட்டுபவன் ஐந்து நொடிகளுக்குள் வண்டியைவிட்டு வெளியேறிக் காட்ட வேண்டும். வண்டியை 60 பாகை சாய்த்தாலும் அது கவிழலாகாது. இவ்விதிகளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நலம். 1939 முதல் நடந்துவரும் பொறியியற் கல்லூரி உள்ள ஊர் நம்முடையது. தனியே தொடங்குவதைவிடக் கல்லூரித் தோழர் நால்வருடன், ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில், கல்லூரிப் பட்டறையிலேயே தொடங்குவது மேலும் சிறந்தது.

முதற் பாடம்: பிரித்தலும் பூட்டுதலும்

ஜி. டி. நாயுடு இளமையில் எவ்வாறு தொடங்கினார் என்பது நம்மவர் பலரும் அறிந்த வரலாறு. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். பிறகு அதனைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். கார் செய்ய விரும்பும் இளைஞனுக்கும் அதுவே முதற் பாடம்.

எஞ்சினை மட்டும் தனியே வாங்குவது சிக்கனம்போலத் தோன்றும். பின்னர்ச் செலவு வைக்கும். ஓடும் நிலையிலுள்ள முழு மோட்டார் சைக்கிளையே வாங்குக. வயரிங், சாவிப் பூட்டு, கார்பரேட்டர் அல்லது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ரேடியேட்டர், சைலன்சர் ஆகியவை ஒன்றற்கொன்று பொருந்தியபடியே கிடைத்துவிடும். பதிவுப் புத்தகம் உரியவர் பெயரில் இருக்கிறதா, எஞ்சின் எண் அதனோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தல் இன்றியமையாதது. களவு வண்டியின் எஞ்சின் வீட்டிற்குள் வந்தால் பிள்ளையின் எதிர்காலத்திற்கே கேடு. வண்டியை நிலையாகக் கழற்றிவிட்டால், அதனைப் பதிவு அலுவலகத்திற்குப் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிப்பதும் சட்டப்படியான கடமை.

மாணவர் அணிகள் பலவும் விரும்பி எடுத்துக்கொண்டது கேடிஎம் 390 வண்டியின் பழைய வகை எஞ்சின். ஒற்றை சிலிண்டர், 373 சி.சி., ஏறத்தாழ 43 குதிரைத் திறன், நீரால் குளிர்வது. முதன்முதலில் தொடங்குபவனுக்கு அவ்வளவு விசையும் வேண்டுவதில்லை. உதிரி உறுப்புக்கள் எளிதில் கிடைக்கும் ஏதேனும் ஓர் எஞ்சின் போதும்.

தரையிலே ஒரு கார்

இரும்பு வாங்குமுன் சுண்ணக்கட்டியால் தரையில் காரை முழு அளவில் வரைக. நான்கு சக்கரங்களின் இடம், எஞ்சின், பெட்ரோல் தொட்டி, இருக்கை, மிதிகள், ஸ்டியரிங் எல்லாம் அக்கோட்டிற்குள் அமைய வேண்டும். ஓட்டப்போகிறவன் அங்கே உட்கார்ந்து காலை நீட்டிப் பார்க்கட்டும். பின்னர் மலிவான மரச் சட்டங்களைக் கொண்டு ஒரு மாதிரி செய்க. மரத்தில் நேரும் தவற்றை ஓர் ஆணியால் திருத்தலாம். பற்றவைத்த இரும்பில் அது எளிதன்று.

சேசிஸின் வலிமை குழாயின் பருமனில் மட்டும் இல்லை, அமைப்பிலும் இருக்கிறது. நான்கு குழாய்களால் ஆன சதுரத்தை ஒரு மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குழாய் சேர்த்து அதை இரண்டு முக்கோணங்கள் ஆக்கிவிட்டால் அசையாது. ஓட்டுபவனின் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் காப்பு வளையம் மிக முக்கியமானது. அதற்குச் சுமார் 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் இரண்டரை மில்லிமீட்டர் கனமும் உடைய எஃகுக் குழாயைப் போட்டிகளில் பயன்படுத்துவர். சமமான மேசைமேல் குழாய்களை இறுக்கிப் பிடித்து, எல்லா மூட்டுகளிலும் முதலில் புள்ளிப்பற்று வைத்து, அளவைச் சரிபார்த்த பின்னரே முழுவதும் வெல்டிங் செய்தல் வேண்டும். இவ்வேலையைப் பழகியவர் கையிலேயே ஒப்படைப்பது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரு சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்திற்கு

எஞ்சின் எங்கே இருப்பது? 1946இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் ஒரு சிறு பந்தயக் காரைச் செய்தனர். இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பாகங்களை ஒன்றோடொன்று இணைத்து, 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை ஓட்டுபவனுக்குப் பின்னால் வைத்தனர். சங்கிலி பின் சக்கரங்களுக்குச் செல்வதால் அதுவே அவர்களுக்கு வசதியாயிருந்தது. எளிமைக்காகச் செய்த அந்த ஏற்பாடு வளர்ந்து, பின்புற எஞ்சின் கொண்ட கூப்பர் கார்களில் ஜாக் பிராபம் 1959இலும் 1960இலும் உலக சாம்பியன் ஆனார். நம் மாணவனுக்கும் எஞ்சின் பின்னால் இருப்பதே எளிது.

சங்கிலி பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. வளைவில் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் செல்ல வேண்டும். மாட்டு வண்டியில் இரு சக்கரங்களும் தனித்தனியே சுழல்வதால் இடர்ப்பாடு இல்லை. இரண்டையும் ஒரே அச்சில் பூட்டினால் ஒன்று தேய்ந்துகொண்டே இழுபடும். இதற்காகவே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு இருக்கிறது. சங்கிலியால் இயங்கும் சிறு டிஃபரன்ஷியலைப் பொருத்துவது நல்ல வழி.

மோட்டார் சைக்கிளைவிடக் காரின் எடை அதிகமாதலால் இழுவிசையும் மிகுதியாக வேண்டும். முன் பற்சக்கரத்தில் 15 பற்களும் பின்னதில் 45 பற்களும் இருந்தால் விகிதம் மூன்று. பின்னதை 60 பற்களாக்கினால் விகிதம் நான்கு ஆகும். இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். இந்த மாற்றத்தைச் செய்யாவிடில் கிளட்ச் விரைவில் எரிந்துபோகும்.

எண்ணெயைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்புகிறது. ஆதலால் எஞ்சின் எண்ணெய் தொட்டியின் அடியிலேயே தங்குகிறது. கார் அவ்வாறு சாய்வதில்லை. வேகமாகத் திரும்பும்போது எண்ணெய் ஒரு புறமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். எண்ணெய் கிடைக்காத பேரிங்குகள் சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைப்பதே இதற்குப் பரிகாரம். காற்றால் குளிரும் எஞ்சினாயின், முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அதற்குக் காற்று செல்ல வழி அமைத்தல் வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலும் பின்னோக்கிச் செல்லும் கியர் இல்லை. வண்டியைக் கையால் தள்ள ஒரு நண்பன் உடனிருக்கட்டும்!

பெட்ரோல் தொட்டிக்கும் ஓட்டுபவனுக்கும் நடுவே நெருப்புத் தடுப்புத் தகடு வேண்டும். சங்கிலி அறுந்தால் ஆளைத் தாக்காதபடி கனத்த இரும்பு மறைப்பு வேண்டும். பிரேக்குக்கு இரண்டு தனித்தனி எண்ணெய் வழிகள் வேண்டும். ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று இரு சக்கரங்களையாவது நிறுத்தும். எஞ்சினை முடுக்குமுன்னரே, தோழர்கள் தள்ளிவர, பிரேக்கைப் பலமுறை சோதித்துவிடுக.

மூன்று கேள்விகளுக்கும் விடை

இனி அந்த வீட்டிற்குத் திரும்புவோம். "எங்கே ஓட்டுவாய்?" என்னும் கேள்விக்கு, "சாலையில் அன்று, பந்தயத் தடத்தில்" என்று பிள்ளை விடை சொல்லிவிட்டான். "எவ்வளவு செலவாகும்?" என்பதற்கு விடை ஒரு நோட்டுப் புத்தகம். சாலைக் கடைத்தெருவில் நம் வணிகர் பற்றும் வரவும் எழுதுவதுபோல, ஒவ்வோர் உறுப்பிற்கும் விலை கேட்டு எழுதி, மொத்தத்தைக் கூட்டிப் பெற்றோரிடம் காட்டட்டும். அக்கணக்கு முடியும்வரை ஒரு திருகாணியும் வாங்க வேண்டா. தாயாரின் கேள்விக்கு விடை தலைக்கவசமும், காப்பு வளையமும், சோதித்த பிரேக்கும், வெல்டிங் செய்யும்போது கண்ணுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியுமாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்டதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், "உனக்கேன் இந்த வேலை?" என்று அடக்கியும் விடாதீர்கள். முதலில் ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். பூட்டிய பின் அது ஓடுமாயின், கையில் ஓர் உறுப்பும் மிஞ்சாதிருக்குமாயின், அடுத்த படிக்கு அவனை அனுப்பலாம். கார் முற்றுப்பெறாமலே போயினும் அவன் கற்ற வேலை அவனைவிட்டுப் போகாது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, கைத்தொழிலின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுமா?