இறுகிய எண்ணெயை இளக்கும் ஆராய்ச்சி

கனிய எண்ணெய் என்றவுடன், கிணறு தோண்டியதும் பீறிட்டெழும் கரிய திரவமே பலருக்கும் நினைவில் எழும். ஆயின் எண்ணெய் யாவும் அவ்வாறு ஓடிவருவதில்லை. கனடாவின் அல்பேட்டா மாகாணத்து அதபாஸ்காப் பகுதியில் மணலோடு கலந்து கிடக்கும் எண்ணெய் தார் போன்றது. நிலத்தடிக் குளிரில் அதன் பிசுக்குமை நீரினதைவிடப் பத்து இலட்சம் மடங்கு வரை மிகும். மேற்பரப்பை அண்டிய படையை அகழ்ந்து, வெந்நீரால் மணலைப் பிரித்தெடுக்கலாம்; 1920களில் கார்ல் கிளார்க் என்பார் இம்முறையை ஆராய்ந்து வகுத்தார். எனினும் அகழ்வுக்கு எட்டுவது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே. எஞ்சியதை இருந்த இடத்திலேயே இளக்கி எடுத்தல் வேண்டும்.

இளக்குதற்கு ஏற்ற வழி வெப்பமே. 200 பாகை செல்சியசு வரை சூடேறின், அத்தார் நல்லெண்ணெய்போல் ஒழுகும். அவ்வெப்பத்தை ஆழத்திற்குக் கொண்டு செல்வது நீராவியாகும். 1959இல் வெனிசுவேலாவின் மெனே கிராண்டே வயலில் நடந்த பரிசோதனையொன்றில், உட்செலுத்திய நீராவி நிலத்தைப் பிளந்து வெளிப்பட்டது. அமுக்கத்தைத் தணிக்கும் பொருட்டு நீராவிக் கிணறுகளைத் திறந்தபோது, அவற்றினின்றே எண்ணெய் பெருகியது. ஒரே கிணற்றில் நீராவியைச் செலுத்தி, சிலகாலம் ஊறவிட்டு, பின் எண்ணெயை இறைக்கும் முறை இவ்விபத்தின் பயனாய்ப் பிறந்தது.

பொறியியலறிஞர் றொஜர் பட்லர் புவியீர்ப்பையே துணைக்கொண்டார். ஏறக்குறைய 5 மீற்றர் இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்றாக, கிடையாகச் செல்லும் இரு கிணறுகள் துளைக்கப்படும். மேற்கிணற்றினின்று பரவும் நீராவி குளிர்ந்த மணலைத் தொட்டு நீராக ஒடுங்குகையில் தன் வெப்பத்தை ஈந்துவிடும். இளகிய எண்ணெய் அந்நீருடன் கீழ்க்கிணற்றுக்கு வடியும். 1987இல் போட் மக்மறி நகரருகே நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து நடத்திய சோதனைகள் இக்கருத்தை மெய்ப்பித்தன. 2001 முதல் அது பெருந்தொழிலாயிற்று.

ஆயினும் இவ்வெற்றிக்கு விலையுண்டு. ஒரு பீப்பாய் எண்ணெய் பெறுதற்குப் பொதுவாக இரண்டு, மூன்று பீப்பாய் நீரை ஆவியாக்கல் வேண்டும். அதற்கென இயற்கை வாயு எரிக்கப்படுகின்றது. எரியுந்தோறும் காபனீரொட்சைட்டு வளியிற் கலக்கின்றது. எரிபொருளைப் பெறுதற்கே எரிபொருளைச் செலவிடும் நிலை இது. ஆதலின் நீராவியுடன் புரொப்பேன், பியூற்றேன் முதலிய கரைப்பான்களைச் சேர்த்து, வெப்பத்தின் வேலையிற் பாதியைக் கரைப்பிடம் ஒப்படைக்கும் வழிகள் ஆராயப்படுகின்றன. பட்லரே தம் பிற்காலத்தில், நீராவியை நீக்கிக் கரைப்பானாவியால் எண்ணெயை இளக்க முயன்றார்.

எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்பதே முன்னைய ஆராய்ச்சியின் வினா. எவ்வளவு எரித்து அதை எடுப்பது என்பதே இன்றைய வினா. ஒரு முறையின் தகுதியை அளக்கும் கோலும் அதுவேயாம்.