டிரைவர் எங்கே போனான்?

"சவுண்டு டிரைவர் போயிடுச்சு, சார்!"

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த பையன் என் தந்தையிடம் இப்படிச் சொன்னான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டு இருந்தேன்.

கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"போயிட்டானா? எங்கே போனான்? சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தீங்களா, இல்லையா?" என்று கேட்டாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் பாட்டு வரவில்லை. புத்தம் புதிய ஸ்பீக்கர் இரண்டு பக்கமும் நின்றது. நடுவில் பெட்டி ஊமையாக உட்கார்ந்து இருந்தது.

பாட்டி கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. லாரிக்கு டிரைவர் உண்டு, பஸ்சுக்கு உண்டு. கம்ப்யூட்டருக்கு எதற்கு டிரைவர்?

துபாஷி

கம்ப்யூட்டர் டிரைவர் என்பது ஆள் அல்ல. ஒரு சிறு புரோகிராம்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம் ஊர் நெசவாளிக்கும் நடுவே துபாஷி ஒருவர் நிற்பார். அங்கே கேட்டதை இங்கே சொல்வார். இங்கே கேட்டதை அங்கே சொல்வார். அவர் இல்லாவிட்டால் வியாபாரம் நடக்காது.

கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். விண்டோஸ் என்பது எஜமான். ஒலியை உண்டாக்கும் சவுண்டு கார்டு ஒரு தொழிலாளி. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. நடுவில் நிற்கும் துபாஷிதான் டிரைவர்.

துபாஷி தப்பாகச் சொன்னால்? பாட்டுக்குப் பதில் இரைச்சல் வரும். துபாஷியே இல்லாவிட்டால்? நிசப்தம்!

பேராசிரியர் செய்த கார்டு

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்குப் பாடத் தெரியாது. "பீப், பீப்" என்று கத்த மட்டும் தெரியும். கணக்குப் பார்க்க வாங்கும் இயந்திரம் பாட வேண்டும் என்று அப்போது யார் எதிர்பார்த்தார்கள்?

கனடா நாட்டில் கியூபெக் நகரில் ஓர் இசைப் பேராசிரியர் எதிர்பார்த்தார். அவர் பெயர் மார்ட்டின் பிரெவெல். 1987-ல் அவருடைய "ஆட்லிப்" கார்டு வெளி வந்தது. அதன் உயிர் ஜப்பானிய யமஹா கம்பெனியின் சிறு சில்லு. ஒரே நேரத்தில் ஒன்பது வாத்தியங்கள் ஒலிப்பது போல அது இசைக்கும்! ஜனங்கள் சொக்கிப் போனார்கள்.

ஆனால் அதில் ஒரு குறை. இசை வரும், மனிதக் குரல் வராது.

சிங்கப்பூர்க்காரர்

அந்தக் குறையைத் தீர்த்தவர் சிங்கப்பூரைச் சேர்ந்த சிம் வோங் ஹூ. ஹார்மோனிக்கா வாசிப்பதில் பிரியம் உள்ளவர். 1981-ல் சைனா டவுன் பகுதியில் ஒரு சிறு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை திறந்தார். "கிரியேட்டிவ்" என்ற கம்பெனி அந்தக் கடையில் இருந்து முளைத்ததுதான்.

1989-ல் அவர் "சவுண்ட் பிளாஸ்டர்" கார்டை வெளியிட்டார். அதில் ஒரு சாமர்த்தியம் செய்தார். ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சில்லைத் தன் கார்டிலும் வைத்தார். ஆகவே, ஆட்லிப்புக்காக எழுதிய விளையாட்டு எல்லாம் இதிலும் பாடும். அதோடு குரலும் வரும். வெடிச் சத்தமும் வரும். விளையாடும் கைப்பிடியைச் செருக ஓர் இடமும் உண்டு!

1992-ல் ஆட்லிப் கம்பெனி திவாலானது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் கம்பெனியின் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஏறின. அங்கே இடம் பிடித்த முதல் சிங்கப்பூர்க் கம்பெனி அதுதான்.

பொருத்தம் பார்த்தார்கள்

நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம். சவுண்டு கார்டுக்கும் பொருத்தம் பார்க்கும் காலம் வந்தது.

அப்போது இருந்தது டாஸ். அது எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஒலித் துபாஷியை வைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு விளையாட்டுப் புரோகிராமும் தன் துபாஷியைத் தானே கையோடு அழைத்து வர வேண்டும். எத்தனை பேரைத்தான் அழைத்து வர முடியும்? பெரும்பாலானோர் சவுண்ட் பிளாஸ்டர் பாஷை தெரிந்தவரை மட்டும் அழைத்து வந்தார்கள்.

உடனே மற்றக் கம்பெனிகள் என்ன செய்தன? தங்கள் கார்டும் அதே பாஷை பேசும்படி செய்தன. "சவுண்ட் பிளாஸ்டருக்குப் பொருத்தமானது" என்று பெட்டியின் மேல் அச்சடித்து விற்றன. சிலது முழுப் பொருத்தம். சிலது அரைகுறைப் பொருத்தம். இசை வரும், குரல் வராது. வாங்கி வந்து செருகிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்!

பொருத்தம் இல்லாமல் போனதால் கெட்டுப்போன ஒரு நல்ல பிள்ளையும் உண்டு. 1992-ல் கனடாவில் இருந்து "கிராவிஸ் அல்ட்ராசவுண்ட்" என்ற கார்டு வந்தது. 32 குரல்களை அது தானே கலந்து கொடுக்கும். உண்மையான வாத்தியத்தின் ஒலியைத் தன் நினைவகத்தில் வைத்துக் கொண்டு வாசிக்கும். கேட்டவர்கள் மெச்சினார்கள். ஆனால் சவுண்ட் பிளாஸ்டர் பாஷை அதற்குப் பிறவியிலேயே தெரியாது. ஒரு புரோகிராமைப் போட்டு, தெரிந்தது போல நடிக்க வைத்தார்கள். நடிப்பு பல விளையாட்டுகளில் எடுபடவில்லை. திறமை இருந்தும் கார்டு தோற்றது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கார்டின் மேல் ஒரு பரிதாபம் உண்டு.

ஒரே மணி, இரண்டு பேர்

பொருத்தமான கார்டு கிடைத்தாலும் தொல்லை தீரவில்லை.

ஒரு பெரிய ஆபீசை நினைத்துக் கொள்ளுங்கள். மேனேஜர் அறையில் வரிசையாக அழைப்பு மணிகள். 3-ம் மணி அடித்தால் இன்னார் கூப்பிடுகிறார். 7-ம் மணி அடித்தால் இன்னார் கூப்பிடுகிறார் என்று ஏற்பாடு. கம்ப்யூட்டருக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டு. கீ போர்டுக்கு ஒரு மணி. பிரிண்டருக்கு ஒரு மணி. சவுண்டு கார்டுக்கு ஒரு மணி. முதல் ஐ.பி.எம். பெட்டியில் இருந்தவை மொத்தம் 8 மணிகள். அவற்றிலும் பல முன்பே கொடுக்கப்பட்டு விட்டன.

முதலில் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 7-ம் மணியோடு தொழிற்சாலையை விட்டு வந்தது. பிரிண்டருக்கு ஒதுக்கிய மணியும் அதே 7-தான்!

சண்டை வந்தால் மணியை மாற்ற வேண்டும். எப்படி? பெட்டியைத் திருகாணி கழற்றித் திறக்க வேண்டும். கார்டில் சட்டைப் பொத்தானை விடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைப் பிடுங்கி வேறு ஊசியில் மாட்ட வேண்டும். தொப்பி கை தவறிக் கீழே விழுந்தால், வீடு முழுதும் பெருக்கித் தேட வேண்டியதுதான்.

மாற்றினால் போதுமா? போதாது. "செட் பிளாஸ்டர், ஏ 220, ஐ 5, டி 1" என்று ஒரு மந்திரத்தையும் எழுதி வைக்க வேண்டும். "220" என்பது கார்டின் கதவு எண். "5" என்பது மணி. "1" என்பது மூட்டை தூக்கும் வழி. விளையாட்டை நிறுவும்போது அதுவும் இந்த மூன்றையும் கேட்கும். மணியின் எண்ணைத் தப்பாகச் சொன்னால், ஒலியின் முதல் துண்டு மட்டும் கீறல் விழுந்த கிராமபோன் தட்டு போலத் திரும்பத் திரும்பக் கத்தும்.

பிள்ளைகள் விளையாட ஆசையாக வாங்கி வந்த தகப்பனார் பாடு எப்படி இருக்கும்?

1995-ல் விண்டோஸ் 95 வந்தது. "செருகினால் போதும், தானே வேலை செய்யும்" என்றார்கள். "செருகிவிட்டுச் சாமியைக் கும்பிடு" என்று அமெரிக்கர்கள் கேலி செய்தார்கள்!

எங்கள் வீட்டுப் பையன் கும்பிடவில்லை. கார்டோடு வந்த சி.டி.யை நாங்கள் தொலைத்து விட்டோம். அவன் பிரவுசிங் சென்டருக்குப் போய் டிரைவரை இறக்கிக் கொண்டு வந்தான். முதலில் கொண்டு வந்தது வேறு மாடலுக்கு உரியது. மூன்றாவது தடவைதான் பாட்டு வந்தது. "வந்துட்டானா?" என்றாள் பாட்டி.

வாங்கியவர்கள் கொதித்தார்கள்

2007 ஜனவரி 30-ந் தேதி விண்டோஸ் விஸ்டா பொது விற்பனைக்கு வந்தது. சவுண்டு டிரைவர் தடுக்கி விழுந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் விழுந்து கொண்டிருந்த காலம் அது. ஆகவே மைக்ரோசாப்ட் ஒலி ஏற்பாட்டையே புதிதாகக் கட்டியது. நோக்கம் நல்லதுதான். ஆனால், விளையாட்டுகளின் ஒலி நேராகக் கார்டுக்குப் போகும் பழைய பாதையை அடைத்து விட்டார்கள். நல்ல விலை கொடுத்து வாங்கிய கார்டுகள் தங்கள் வித்தையைக் காட்ட முடியாமல் நின்றன.

கிரியேட்டிவ் கம்பெனியின் புதிய டிரைவர்களில் பழைய வசதிகள் பல இல்லை. அப்போது ஒரு ரசிகர், அந்த டிரைவர்களைத் தானே திருத்தி, விட்டுப்போன வசதிகளை வேலை செய்ய வைத்தார். மற்றவர்களுக்கும் கொடுத்தார். விரும்பியவர்களிடம் நன்கொடையும் கேட்டார்.

2008 மார்ச் மாதக் கடைசியில் கம்பெனியின் உதவித் தலைவர், "இதை நிறுத்துங்கள்" என்று அவருக்குப் பகிரங்கமாக எழுதினார். கம்பெனி தன் சொத்தைக் காக்கப் பார்த்தது. வாங்கியவர்கள் விடுவார்களா? "நாங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்டு! நீங்கள் செய்யாததை அவர் செய்தார். அது குற்றமா?" என்று ஆயிரக்கணக்கில் கொதித்து எழுந்தார்கள். சில நாட்களில் கம்பெனி இறங்கி வந்தது.

என்னைக் கேட்டால், வாங்கியவர்கள் கட்சிதான். உள்ளே இருக்கும் துபாஷியைப் பூட்டி வைத்து விட்டு, வெளியே கார்டை மட்டும் விற்பது எந்த ஊர் நியாயம்?

இன்று தனிக் கார்டு வாங்குவோர் குறைவு. ஒலிச் சில்லு கம்ப்யூட்டரின் தாய்ப் பலகையிலேயே இருக்கிறது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். அவருக்கு வயது 67.

நண்பர் சொன்னது

"பாட்டு வராவிட்டால் என்ன? குடி முழுகிப் போகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து இருந்தேன்.

எனக்கு ஒரு நண்பர். பார்வை இல்லாதவர், வங்கியில் வேலை பார்க்கிறார். திரையில் இருக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டர் அவருக்குப் படித்துச் சொல்லும். அதற்கு "என்.வி.டி.ஏ." என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கியது. ஜேம்ஸ் டே என்பவர் அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வை இல்லாதவர்கள். காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்தார்கள். அது தமிழையும் படிக்கும்.

ஒருநாள் இரவு நண்பரின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக் கொண்டது. காலையில் திறந்தார். சத்தம் இல்லை. சவுண்டு டிரைவர் போய் விட்டது!

"உங்களுக்குத் திரையில் 'டிரைவர் இல்லை' என்று தெரியும், சார். எனக்கு அது எப்படித் தெரியும்? பெட்டி ஓடுகிறதா, நின்று விட்டதா என்பதே தெரியவில்லை. சரி செய்ய எனக்கு வழி தெரியும். ஆனால், வழி காட்டும் குரலே போய் விட்டதே!" என்றார்.

பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்து இருந்தாராம். அன்று சம்பளம் இல்லாத லீவு.

இப்போது அவர் சட்டைப் பையில் கட்டை விரல் அளவு ஒரு சாதனம் வைத்து இருக்கிறார். யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு சவுண்டு கார்டு. விலை சில நூறு ரூபாய். இந்த வகைச் சாதனங்கள் எல்லாம் ஒரே பொதுப் பாஷையில் பேச வேண்டும் என்று 1998-ல் விதி செய்தார்கள். அந்தப் பாஷை விண்டோசுக்கு முன்பே தெரியும். தனி டிரைவர் தேவை இல்லை.

என் எதிரிலேயே செருகிக் காட்டினார். இரண்டு விநாடி ஆயிற்று. பெட்டி பேச ஆரம்பித்தது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் இருங்க சார், ஒரு மெயில் பாக்கி இருக்கு" என்று வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.