உப்பு நீரில் ஒளிந்திருக்கும் சங்கிலிகள்

எலுவன்குளத்தைக் கடந்து கங்கேவாடியப் பக்கமாகப் போகும் கலா ஓயா, கண்டற்காடுகளுக்கு நடுவே புத்தளம் களப்போடு சேர்கிறது. உதிர்ந்த கண்டல் இலைகள் சேற்றில் ஊறி நீரைப் பழுப்பாக்குகின்றன. அந்த நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே நீரில் பாசிகளும் நுண்ணுயிர்களும் கசியவிடும் வழவழப்பான பொருள் தெரிவதில்லை. அதில் பெரும்பகுதி சீனி மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள்; பள்ளிக்கூட வேதியியலில் பல்பகுதியம் என்று படித்தோமே, அதுதான்.

இவற்றை அளப்பது லேசான வேலை இல்லை. திறந்த கடலின் மேல்நீரில் ஒரு லீற்றருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. கரைந்துள்ள உயிர்ப்பொருட்களின் காபனோ ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். நீரை வற்றவைத்து நிறுத்தால் கிடைப்பது உப்பின் எடை. எரித்து அளக்கும் கருவிகளிலும் உப்புப் படிந்து தொல்லை கொடுக்கும்.

வழி, எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து வந்தது. 1922இல் பிராக் நகரில் ஜரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, மயிரளவு துளையுள்ள கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசத்தைத் துளித்துளியாகக் கரைசலுக்குள் சொட்டவிட்டு, மின்னழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டி மின்னோட்டத்தை அளந்தார். 1959இல் அவருக்கு நோபல் பரிசு தந்த முறை இது. அதில் ஒரு தொந்தரவும் இருந்தது. துளியின் ஓரமாகக் கரைசல் சுழன்றோடுவதால் மின்னோட்டம் சில இடங்களில் தாறுமாறாக எகிறும். கரைசலில் சிறிதளவு ஜெலற்றின் சேர்த்தால் அந்த எகிறல் அடங்கிவிடும். ஜெலற்றினும் நீரில் கரையும் பல்பகுதியம்தான். அப்படியானால், எகிறல் எவ்வளவு அடங்குகிறது என்று பார்த்தே நீரில் எவ்வளவு பல்பகுதியம் இருக்கிறது என்று சொல்லலாமே! தொந்தரவே அளவுகோல் ஆயிற்று. அறிவியலில் நான் மிகவும் நேசிக்கும் திருப்பங்களில் இது ஒன்று.

குரோஷியாவின் ஸாக்ரெப் நகரிலுள்ள ரூஜர் பொஷ்கோவிச் நிறுவனத்தில் வேரா ஜூதிச், பொஜேனா சோசோவிச் முதலானோர் 1970களிலிருந்து இதைக் கடல்நீருக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். பாதரசத் துளிக்குச் சிறு ஆடலோட்ட மின்னழுத்தம் கொடுத்தால், உப்பின் அயன்கள் துளியின் மேற்பரப்பை நெருங்கியும் விலகியும் அசையும். மெல்லிய மின்னோட்டம் ஒன்று பாயும். நீரை ஒரு நிமிடம்போலக் கலக்கிக்கொண்டிருந்தால், அதிலுள்ள சங்கிலிகள் துளியின் மேல் வந்து படியும். அங்கிருந்த நீர் மூலக்கூறுகளை விலக்கி அவை இடம் பிடிக்க, மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுதான் அளவீடு. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் லேசாகத்தான் ஒட்டுகிறது. ஆனால் வேட்டியில் ஒட்டிய நாயுருவி விதைபோல, எல்லாப் பிடியும் ஒரே நேரத்தில் விட்டுப்போவது அரிது. அதனால்தான் மிகவும் ஐதான கரைசலில்கூட முறை வேலை செய்கிறது. துளி விழுந்தால் அடுத்தது புத்தம் புதிது. பழைய அழுக்கு எதுவும் அதில் இல்லை.

இங்கே உப்பு இடைஞ்சல் இல்லை, மின்னைக் கடத்தும் துணை. ஆற்றின் நன்னீரை அளக்கத்தான் உப்பைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. கிடைக்கும் எண், இன்ன பொருள் என்று பெயர் சொல்லாது. தெரிந்த ஒரு பொருளின் எவ்வளவுக்கு இந்த நீர் சமம் என்று மட்டும் சொல்லும். கொழுப்புப் பொருட்கள் பாதரசத்தில் இறுக ஒட்டும்; சீனிச் சங்கிலிகள் அவ்வளவு ஒட்டாது. பாதரசம் நஞ்சு என்பதால் சிந்தாமல் சேகரிக்கவும் வேண்டும். பொன், காபன் மின்வாய்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் தேய்த்துத் துலக்காமல் அவற்றை நம்ப முடியாது.

ஆறு களப்பைத் தொடும் இடத்தில் இந்த அளவீட்டுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. நன்னீரில், தம் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் நீண்டு கிடக்கும் சங்கிலிகள், உப்பு ஏறியதும் சுருண்டுகொள்ளும். கல்சியம் அயன்கள் அவற்றைப் பிணைக்கும். கடலில் கரைந்திருப்பவை தாமாகவே கூடி நுண்ணிய கூழாகின்றன என்று சின், ஒரெயானா, வெர்டூகோ ஆகியோர் 1998இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். 1988, 1989 கோடைகளில் வட அட்ரியாட்டிக் கடலில் வழவழப்பான கூழ் பெரும் பரப்பில் மிதந்தது. உப்பளங்களிலும் அபனோதீசி என்ற நீலப்பச்சை உயிர் பெருகினால் பாத்தி நீர் கொழகொழத்து, உப்பு நல்ல மணியாக விளையாது. புத்தளத்து உப்புக்காரருக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம்.

கூழ் கண்ணில் படும்போது காலம் கடந்துவிடும். அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் அளவீடு இது. மின்னிரசாயனக் கருவி வைத்திருக்கும் நம் பல்கலைக்கழகத் துறைகள், மாரிக்கு முன்னும் பின்னும் கலா ஓயா வாயிலிருந்து களப்பின் தென்கோடிவரை நீரெடுத்து அளக்கத் தொடங்கவேண்டும்.