ஞாயிற்றுக் கதிரும் தாவரச் சாறும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். ஞாயிற்றைக் கொண்டே நிலத்தை வகுத்த இம்மக்களுள் வலை வீசுவோரும் வயல் உழுவோரும் பகல் முழுதும் வெயிலில் நிற்கின்றனர். அவ்வெயிலிற் கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிர்களும் உள. அவற்றுள் 280 முதல் 315 நானோமீற்றர் வரை அலைநீளமுடையவை தோலைப் பெரிதும் எரிப்பன. 315 முதல் 400 வரையுள்ளவை ஆழச் சென்று தோலைத் தளர்விப்பன. கருநிறத் தோலுக்கு இயற்கைக் காப்பு ஓரளவு உண்டாயினும் அது முழுக் காப்பன்று.

நிழல் தேடிச் செல்ல இயலாத தாவரம் இக்கதிர்களை எங்ஙனம் தாங்குகின்றது? வாவிக்கரையில் வளரும் கண்டலினம் இதற்குத் தக்க சான்றாகும். கண்டல் இலையின் மேற்றோலிலே பீனோற் சேர்வைகள் திரண்டு, இக்கதிர்களை உறிஞ்சிக் கொள்கின்றன. நிழலில் வளர்ந்த இலையினும் வெயிலில் வளர்ந்த இலையில் இவை மிகுதி என்பது 1992 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றாற் புலனாயிற்று.

படுவான்கரை வயல்களில் விளையும் நெல்லின் தவிட்டிலும் இவ்வினத்ததாகிய பெரூலிக்கமிலம் உண்டு. விற்றமின் சீயும் ஈயும் கலந்த கரைசலில் இவ்வமிலம் 0.5 சதவீதம் சேர்க்கப்பட்டபோது, தோலுக்குக் கிடைத்த காப்பு ஏறத்தாழ 4 மடங்கிலிருந்து 8 மடங்காக உயர்ந்தது என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் 2005 இல் அறிவித்தனர். கதிரை உறிஞ்சுவதோடு, கதிரினால் தோலில் எழும் சுயாதீன மூலிகங்களை அடக்குவதும் இவ்வமிலத்தின் தொழிலாம்.

ஆயின், தவிட்டை அரைத்துப் பூசினாற் போதும் எனக் கொள்ளுதல் பிழை. வீட்டிற் பிழிந்த சாற்றிலே பயன்தரும் சேர்வையின் அளவு நிலையாக இராது. நீரும் வியர்வையும் அதனை எளிதிற் கழுவிவிடும். கரைசலாக அளந்து கண்ட திறன் தோலின்மேல் அவ்வாறே அமைவதுமில்லை. ஆதலின், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் தோலிற் பூசியே களிம்பின் திறனை அளக்கின்றனர். மேலும், தாவரச் சாறு யாவும் காப்பனவல்ல. தேசிக்காய்ச் சாறு பட்ட தோல் வெயிலிற் கொப்புளிப்பதுண்டு. அச்சாற்றிலுள்ள சில சேர்வைகள் கதிரின் தாக்கத்தை மிகுவிப்பதே காரணம்.

எனவே, நாகவொட்சைட்டுப் போன்ற கதிர்தடுக்கும் பொருள் முதலாகவும் தாவரச் சேர்வை துணையாகவும் அமைந்த களிம்பே பயன்தரும். அதனை விலைக்கு வாங்க இயலாத உழைப்பாளிக்கு அகன்ற தொப்பியும், உடலை மூடும் சட்டையும், நண்பகல் நிழலும் உறுதியான காப்பாகும். நெற்றவிட்டைக் காட்டி இவற்றைக் கைவிடச் செய்தல் அவனுக்குத் தீங்கிழைப்பதாகவே முடியும்.