ஞாபகம் ஒன்றா, பலவா?

ஞாபகம் என்பது மூளைக்குள் உள்ள ஒரே பெட்டகம், அது கெட்டால் எல்லாமே மறந்துபோகும் என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று என்று காட்டியவர் ஒரு நோயாளி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவரே அவர்.

கொடிய வலிப்பு நோயால் தவித்த அவருக்கு 1953ஆம் ஆண்டில், 27ஆம் வயதில், டாக்டர் வில்லியம் ஸ்கோவில் ரண சிகிச்சை செய்தார். மூளையின் இரு பக்கங்களிலும், செவிகளுக்கு உட்புறமாக உள்ள சில பகுதிகள் எடுக்கப்பட்டன. கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் ‘ஹிப்போகாம்பஸ்’ எனப் பெயர்பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அவற்றோடு போயிற்று. வலிப்புத் தணிந்தது. ஆனால் அன்றுமுதல் ஹென்றியின் மனத்தில் புதிய செய்தி எதுவும் தங்குவது அரிதாயிற்று. சற்றுமுன் உண்டதையும், பேசியவர் முகத்தையும் மறந்தார். இளமைக் காலத்துச் செய்திகள் நினைவிலிருந்தன; சொல்வளமும் அறிவுக்கூர்மையும் குறையவில்லை. நோய் தணியக் கொடுத்த விலை மிகப் பெரிது. இத்தகைய சிகிச்சை கூடாதென ஸ்கோவிலே பின்னர் எச்சரித்தார்.

மாண்ட்ரியலிலிருந்து வந்து ஹென்றியைச் சோதித்தவர் பிரெண்டா மில்னர் என்னும் மனோதத்துவ நிபுணர். இரட்டைக் கோடுகளாலான நட்சத்திரப் படம் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்து, கோடுகளின் இடையே பென்சிலால் வரையச் சொன்னார். செய்து பார்த்தவர்க்கே அதன் தொல்லை தெரியும்; கை வேண்டாத திசையிலேயே ஓடும்! மூன்று நாட்களில் முப்பது தடவை வரைந்த ஹென்றி, முடிவில் நன்கு தேர்ச்சி பெற்றுவிட்டார். வியப்பு என்னவெனில், இதற்குமுன் அதை வரைந்த நினைவு அவருக்குச் சிறிதும் இல்லை.

சைக்கிள் ஓட்டுதல், தட்டெழுதுதல் முதலிய பழக்கங்கள் மூளையின் அடியிலுள்ள நரம்புத் திரள்களையும் சிறுமூளையையும் சார்ந்தவை. ஹென்றியின் சிகிச்சையில் அத்திரள்கள் தொடப்படவில்லை. நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் புதிதாகப் பதியவைக்கவே ஹிப்போகாம்பஸ் வேண்டும். பதிந்தவை நாளடைவில் மூளையின் மேலடுக்கில் நிலைபெறுகின்றன என்பது அறிஞர் பலரின் கருத்து. ஹென்றியின் பழைய நினைவுகள் எஞ்சியதற்கு அவர்கள் கூறும் காரணமும் அதுவே.

இதிலும் ஒரு பிரிவு உண்டு. செய்தியறிவு வேறு, தாம் அனுபவித்த நிகழ்ச்சியின் நினைவு வேறு என்று எண்டல் டல்விங் என்பார் 1972இல் எழுதினார். 1981இல் கனடாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒருவர் அதற்குச் சான்றானார். அவருக்குச் சதுரங்கம் ஆடத் தெரியும். ஆனால் யாருடனாவது ஆடிய ஒரு நாளைக்கூடச் சொல்ல இயலவில்லை.

ஹென்றி 2008இல், 82ஆம் வயதில் காலமானார். அதுவரை விஞ்ஞான ஏடுகளில் அவர் வெறும் ‘எச்.எம்.’தான். அவரது மூளை 2,401 மெல்லிய சீவல்களாக அறுக்கப்பட்டு, ஆராய்ச்சிக்கெனப் பாதுகாக்கப்பட்டது.